வங்காரி மாத்தாய்: மரம் நட்டது தவிர என்னெல்லாம் செஞ்சாங்க? தெரிஞ்சவங்க விவரமா சொல்லுங்க

பாளை டீச்சர் கேட்டது:

எல்லாருக்கும் வணக்கம். நான் பாளையங்கோட்டைல ப்ளஸ் ஒன் பிள்ளைகளுக்கு தமிழ் எடுக்கேன். அடுத்த மாசம் மாவட்ட அளவுல பேச்சுப்போட்டி வருது, உலகத்தை மாத்துன பொம்பளைங்க பத்தி பேசணும். வழக்கமா எல்லா பிள்ளைகளும் அன்னை தெரசா, கல்பனா சாவ்லான்னு எழுதிட்டு வந்துருவாங்க, இந்த வருஷம் ஒரு பிள்ளை மட்டும் கென்யா நாட்டு வங்காரி மாத்தாய் பத்திதான் பேசுவேன்னு வந்து நிக்கா. அவ வீட்ல அம்மா பீடி சுத்துதவங்க, வீட்ல முதமுதல்ல பதினொன்னாவது வந்தது இவதான், எங்க படிச்சாளோ தெரியல அந்தம்மா பேரை புடிச்சிக்கிட்டா, எனக்கும் ரொம்ப சந்தோஷம்.

ஆனா தமிழ்ல எங்க தேடினாலும் அதே நாலு வரிதான் வருது. கென்யால பொறந்தாங்க, 1977ல பசுமைப் பட்டை இயக்கம் ஆரம்பிச்சாங்க, கோடிக்கணக்குல மரம் நட்டாங்க, 2004ல அமைதிக்கான நோபல் வாங்கினாங்க, அவ்வளவுதான். இதை வச்சி அஞ்சு நிமிஷம் எப்படி பேச?

அந்தப் பிள்ளை எங்கிட்ட கேட்டதை அப்படியே போடுதேன். மாட்டு டாக்டருக்கு படிச்சவங்க மரத்துக்கு எப்படி டீச்சர் வந்தாங்கன்னு கேட்டா. யூனிவர்சிட்டி வேலையை விட்டுட்டு எலக்‌ஷன்ல நின்னாங்களாமே, அதுக்கப்புறம் அந்த வேலை திரும்ப கெடைச்சுதான்னு கேட்டா. கடைசியா கேட்டதுதான் எனக்கு ராத்திரி பூரா மண்டைக்குள்ள ஓடிக்கிட்டே இருந்துச்சு, "மரம் நட்டா எதுக்கு டீச்சர் அடிக்கணும், மரம் நடுறதுல யாருக்கு என்ன நஷ்டம்?" இந்த மூணுக்கும் பதில் தெரிஞ்சாலே பேச்சு தானா வந்துரும்னு தோணுது. நோபல்ல இருந்து ஆரம்பிக்காம அந்தம்மா வாழ்க்கைல இருந்து சொல்லுங்க.

*

ராமையன்பட்டி வெட்:

டீச்சர் நல்ல கேள்வி, அந்தப் பிள்ளைக்கு என் வாழ்த்தை சொல்லிருங்க. நான் கால்நடை டாக்டர்ங்கதுனால முதல் கேள்விக்கு நான் வாரேன்.

முதல்ல அவங்க மாட்டு டாக்டர் கிடையாது, படிச்சது உயிரியல். 1940 ஏப்ரல் 1ல நியேரி பக்கம் இஹிதேன்னு ஒரு மலைக் கிராமத்துல பொறந்தாங்க, கிகுயு இனம். அய்யா வெள்ளைக்காரன் பண்ணைல வேலை பாத்தவரு. அந்தக் காலத்துல அங்க பொம்பளைப் பிள்ளைய பள்ளிக்கூடத்துக்கு அனுப்புறது அபூர்வம், எட்டு வயசுலதான் சேத்தாங்க, அப்புறம் கன்னியாஸ்திரிகள் நடத்துன ஹாஸ்டல் பள்ளி, அதுக்கப்புறம் லிமுருல லொரேட்டோ ஹைஸ்கூல். நம்ம பாளையங்கோட்டைல மிஷன் பள்ளிக்கூடம் எத்தனை குடும்பத்தை தூக்கி விட்டுச்சுன்னு தெரிஞ்சவங்களுக்கு இது புதுசா இருக்காது. 1960ல கென்யா பிள்ளைங்க சுமார் 300 பேரை ஸ்காலர்ஷிப் கொடுத்து அமெரிக்காவுக்கு ஏத்திக்கிட்டு போனாங்க, அதுக்கு பணம் கொடுத்ததுல கென்னடி குடும்பத்து அறக்கட்டளையும் உண்டு, அந்த கோஷ்டில இவங்களும் போனாங்க. கான்சாஸ்ல ஒரு சின்ன ஊர்ல 1964ல டிகிரி, பிட்ஸ்பர்க்ல 1966ல மாஸ்டர்ஸ்.

படிச்சிட்டு நைரோபிக்கு வந்தா அங்க யூனிவர்சிட்டில விலங்கியல் புரொபசர் ஒருத்தர் கையால எழுதிக் கொடுத்த வேலை வேற ஒருத்தருக்கு போயிருச்சி. தான் பொம்பளைங்கதும் வேற இனத்துக்காரிங்கதும்தான் காரணம்னு அவங்க நெனச்சாங்க. அப்ப ஜெர்மனில கீசன் யூனிவர்சிட்டிலருந்து வந்திருந்த ஹோஃப்மன்னு ஒரு புரொபசர்தான் கால்நடை உடற்கூறு துறைல வேலை கொடுத்தாரு, அப்படித்தான் மாட்டுப் பக்கம் வந்தாங்க. 1971ல பிஎச்டி, மாட்டுக் கருவுல இனப்பெருக்க உறுப்பு எப்படி உருவாகி பிரியுதுங்கது ஆராய்ச்சி. கிழக்கு ஆப்பிரிக்காவுல பிஎச்டி வாங்குன முதல் பொம்பளை அவங்கதான். 1976ல துறைத் தலைவர், 1977ல அசோசியேட் புரொபசர். இந்தப் பதவிகளுக்கும் அங்க முதல் பொம்பளை அவங்கதான்.

இப்ப மரத்துக்கு எப்படி வந்தாங்கன்னா, உண்ணி வழியா வந்தாங்க. நெசமாத்தான். கிழக்குக் கடற்கரைக் காய்ச்சல்னு அங்க மாட்டுக்கு ஒரு நோய், தைலேரியான்னு ரத்தத்துல வாழுற ஒட்டுண்ணி, காதுல ஒட்டுற பழுப்பு உண்ணிதான் பரப்பும். நம்மூர்ல அதே குடும்பத்துல வேற வகை இருக்கு, ஜெர்சி கலப்பு மாடு வச்சிருக்கவங்க எத்தனை பேர் அதுல மாட்டை இழந்துட்டு வந்து நிக்காங்கன்னு எனக்கு தெரியும். அங்கயும் நாட்டு மாடு தாங்கிக்கிடும், வெளிநாட்டு மாடும் கலப்பு மாடும் செத்துப் போகும். இதை ஆராய நைரோபிய சுத்தி இருக்கிற கிராமங்களுக்கு போயி மாட்டுக் காதுல உண்ணி பொறுக்கிட்டு இருக்கும்போது அந்தம்மா கண்ணுல பட்டது வேற. மாடு எலும்பும் தோலுமா நிக்கி, மேய புல்லு இல்ல, மனுஷங்களும் சத்தில்லாம இருக்காங்க, மழை பெஞ்சா ஆறு செக்கச்செவேல்னு மண்ணை அள்ளிட்டு போகுது. காட்டை அழிச்சி காப்பி, தேயிலை, பைன், யூகலிப்டஸ்னு போட்டுட்டாங்க. மாட்டுக்கு உண்ணியை விட பெரிய எமன் இந்த மண்ணு அழியறதுதான்னு அங்கதான் புடிச்சாங்க. சொந்த ஊர்ல அவங்க அம்மா "இது சாமி மரம், இதுல விறகு ஒடிக்காத"ன்னு சொல்லிக் கொடுத்த பெரிய அத்தி மரத்தை வெட்டிட்டாங்க, அதுக்குப் பக்கத்துல சின்னப்பிள்ளைல தவளை முட்டை பாத்து விளையாடுன ஓடையும் வத்திப் போச்சு. ரெண்டுக்கும் சம்பந்தம் இருக்குன்னு அவங்களுக்கு விஞ்ஞானியாவே புரிஞ்சிது, ஆழமா போற அத்தி வேரு பாறைய தொளைச்சி நிலத்தடி தண்ணிக்கு வழி பண்ணும், அதுதான் ஊத்தா வெளிய வரும்.

ஆக மரம் நடுறதுங்கது அவங்களுக்கு ஆராய்ச்சியோட தொடர்ச்சிதான் டீச்சர். படிப்பை தூரப் போட்டுட்டு மரத்துக்கு போனாங்கன்னு பிள்ளை பேசிரக் கூடாது.

*

அம்பை அண்ணாச்சி:

டீச்சரம்மா, ரெண்டாவது கேள்விக்கு நாஞ் சொல்லுதேன். வேலை திரும்ப கெடைக்கல. அது மட்டுமில்ல வீடும் போச்சு.

முழுசா சொன்னாத்தான் வெளங்கும். யூனிவர்சிட்டிலயே அந்தம்மா சும்மா இருக்கல. கல்யாணம் ஆன பொம்பளை லெக்சரருக்கு வீட்டு வசதியெல்லாம் புருஷன் பாத்துக்கிடுவாருன்னு சொல்லி ஆம்பளைக்கு கொடுக்கிற சலுகைய கொடுக்க மாட்டாங்க, ஒரே வேலை ஒரே படிப்பு, அதுக்கு சண்டை போட்டாங்க, ஆசிரியர் சங்கத்தை யூனியனா மாத்தப் பாத்தாங்க, கோர்ட்டு வரைக்கும் போச்சு. நான் முப்பது வருஷம் மில்லுல யூனியன் வேலை பாத்தவன், மேல இருக்கவனுக்கு அன்னைக்கே அந்தம்மா பேரு மனசுல ஏறிருக்கும்னு எனக்கு சந்தேகமே இல்ல.

வீட்டுக்காரரு 1974ல எம்பி ஆனாரு. 1977ல பிரிஞ்சிட்டாங்க, 1979ல விவாகரத்து கேசு ஊரு சிரிக்க நடந்துச்சு. தீர்ப்புக்கு அப்புறம் ஒரு பத்திரிகைல, அந்த ஜட்ஜ் ஒண்ணு திறமை இல்லாதவரா இருக்கணும் இல்ல ஊழல் பண்ணுதவரா இருக்கணும்னு சொல்லிட்டாங்க. கோர்ட்டு அவமதிப்புன்னு ஆறு மாசம் ஜெயில் போட்டாங்க, மூணு நாள்ல வெளிய வந்தாங்க. அன்னைக்கு அவிய நிலைமைய நெனச்சிப் பாருங்க, மூணு பிள்ளை, தனி மனுஷி, ஊர் பூரா பேச்சு.

1982ல நியேரி பக்கம் ஒரு எம்பி சீட்டு காலி ஆச்சு. யூனிவர்சிட்டில சம்பளம் வாங்கிட்டு தேர்தல்ல நிக்க முடியாதுன்னு சட்டம், அதனால 16 வருஷம் பாத்த வேலைய ராஜினாமா பண்ணிட்டு மனு போட போனாங்க. போனா வாக்காளர் பட்டியல்ல நீங்க மறுபடி பதியல, நிக்க முடியாதுன்னுட்டாங்க. காலைல நைரோபி கோர்ட்டுல கேசு, ஜெயிச்சா அன்னைக்கு மத்தியானம் 3 மணிக்குள்ள நியேரில மனு கொடுக்கணும், கோர்ட்டு கைவிரிச்சிட்டு. சரின்னு யூனிவர்சிட்டிக்கு திரும்ப வந்தா அந்த இடத்துக்கு ஆள் போட்டாச்சுன்னு சொல்லிட்டாங்க. வேலை இல்லன்னா குவார்ட்டர்ஸும் இல்ல, வீட்டை காலி பண்ண வச்சாங்க. டாக்டர் பட்டம் வாங்குன துறைத் தலைவி, நாப்பது வயசு தாண்டி, வேலை இல்லாம தெருவுக்கு வந்தாச்சு.

உங்க பிள்ளை பேச்சுல இந்த இடம் கட்டாயம் வரணும்மா. ஏன்னா இதுக்கு அப்புறம்தான் பசுமைப் பட்டை இயக்கம் முழுநேர வேலையா ஆச்சு. நார்வே நாட்டு வன சங்கத்துல இருந்து ஒரு அதிகாரி தேடி வந்தாரு, ஒருங்கிணைக்க ஆள் வேணும்னாரு, இவங்களே அந்தப் பொறுப்பை எடுத்துக்கிட்டாங்க. ஐநா சபைல பொம்பளைகளுக்கான நிதிலருந்தும் பணம் வந்துச்சு. அவங்க அன்னைக்கு மனசு தோத்து போயிருந்தா, மன்னிச்சு ஒரு வேலை கொடுங்கன்னு நின்னுருந்தா, உலகத்துக்கு பேரு தெரிஞ்சிருக்காது.

இனி மூணாவது கேள்வி, யாருக்கு நஷ்டம். 1989ல நைரோபி நடுவுல உஹுரு பார்க்னு சனங்க உக்காரக் கூடிய பெரிய பார்க், அதுல ஆளுங்கட்சி 60 மாடி கட்டடம் கட்டப் போகுதுன்னு தெரிஞ்சிது, முன்னாடி அதிபர் மோய்க்கு சிலை வேற. அப்ப கென்யால ஒரே கட்சி ஆட்சி, எதுத்துப் பேச ஆளு கிடையாது. அந்தம்மா லெட்டர் லெட்டரா எழுதுனாங்க, அதிபருக்கு, பத்திரிகைக்கு, ஐநாவுக்கு, இங்கிலாந்து தூதருக்கு. பாராளுமன்றத்துல நவம்பர்ல மத்த வேலைய நிப்பாட்டி வச்சிட்டு இவங்களை திட்டுறதுக்குன்னே பேசினாங்க, விவாகரத்தான பொம்பளைக கூட்டம்னு ஒரு எம்பி சொன்னான். மோய் சொன்னாரு, ஒழுங்கான ஆப்பிரிக்க பொம்பளைனா ஆம்பளைக்கு மரியாதை கொடுத்து வாயை மூடிக்கிட்டு இருக்கணும்னு. இயக்கத்தோட ஆபீஸ் அரசாங்க கட்டடத்துல இருந்துச்சு, உடனே காலி பண்ணச் சொல்லிட்டாங்க, அவங்க தன் சின்ன வீட்டுக்குள்ளயே ஆபீசை வச்சி நடத்துனாங்க. ஆனா பணம் போட வந்தவங்க பின்வாங்கிட்டாங்க, கட்டடம் நின்னு போச்சு. பார்க் இன்னும் பார்க்காவே இருக்கு.

நம்மூர்ல கொளத்துக்குள்ள கட்டடம் வந்தா எத்தனை பேரு லெட்டர் எழுதுதோம்? யாரையும் குத்தம் சொல்லல, எழுதுனா வர்ற போன் என்னன்னு எனக்கும் தெரியும். அதனாலதான் அந்தம்மாவ நெனச்சா நெஞ்சு நிமிருது.

*

முக்கூடல் செல்வி:

டீச்சர் அக்கா வணக்கம், நான் எங்க ஊர்ல மகளிர் குழு தலைவியா இருக்கேன், எங்க குழு நர்சரி போட்டப்போ இவங்க இயக்கத்தை பத்தி தேடி தேடி படிச்சேன். நீங்க ரெண்டு பேரும் அந்த அம்மாவை பத்தி சொன்னீங்க, ஆனா மரத்தை நட்டது யாரு? கிராமத்து பொம்பளைங்கதான, அவங்களை பத்தியும் அந்தப் பிள்ளை பேசணும், அதுவும் பீடி சுத்துற வீட்டுப் பிள்ளைன்னு சொன்னீங்க, அதான் எழுதணும்னு தோணுச்சு.

எப்படி ஆரம்பிச்சுதுன்னா தேசிய மகளிர் கவுன்சில்னு அங்க ஒண்ணு, அதுல வங்காரி அம்மா இருந்தாங்க. கிராமத்துப் பொம்பளைங்க வந்து சொன்ன குறை என்னன்னா விறகு இல்ல, தண்ணி தூரம், மாட்டுக்கு தீவனம் இல்ல, பிள்ளைக்கு நல்ல சாப்பாடு இல்ல. விறகு இல்லாததால சட்டுனு வேகுற சாப்பாடே ஆக்கி பிள்ளைங்க நோஞ்சானா ஆயிட்டு இருந்துச்சு. அப்ப அந்தம்மா சொன்னாங்க ஏன் மரம் நடக் கூடாதுன்னு. 1977 ஜூன் 5 அன்னைக்கு நைரோபில ஊர்வலமா போயி கமுகுஞ்சி பார்க்ல 7 மரம் நட்டாங்க, அதுதான் தொடக்கம். அதுக்கு முன்னாடியே ஒரு கம்பெனி வச்சி நாத்துப் பண்ணை போட்டாங்க, பணம் பத்தாம அது நின்னு போச்சு, அதையும் தாண்டிதான் இது.

வனத்துறை ஆபீசருங்க வந்து பொம்பளைங்களுக்கு கிளாஸ் எடுத்தாங்களாம், நிலத்தோட சரிவு இவ்வளவு இருக்கணும், வெயில் இந்தப் பக்கம் விழணும், பாத்தி இவ்வளவு ஆழம் வேணும்னு, பாதிப் பேருக்கு ஒண்ணும் புரியல. அந்தம்மா, அதெல்லாம் விடுங்க, நீங்க சோளம் போடலையா பயறு போடலையா, அதே மாதிரி விதைய போடுங்கன்னு சொல்லிட்டாங்க. பொம்பளைங்க அப்புறம் அவங்கவங்க மூளைய போட்டாங்க, உடைஞ்ச பானைல மண்ணு போட்டு நாத்து விட்டாங்க, ஆடு கோழி கொத்தாம ஒசரத்துல வச்சாங்க, டின்னுல ஓட்டை போட்டு பூவாளியா ஆக்கிக்கிட்டாங்க, எந்த மரம் எப்ப காய்க்கும் விதை எப்ப விழும்னு சுத்தி பாத்து பொறுக்குனாங்க. டிப்ளமா இல்லாத வன அதிகாரிங்கன்னு அந்தம்மாவே பெருமையா சொல்லுவாங்க. எங்க நர்சரில நாங்க தேங்கா சிரட்டையும் பால் கவரும் வச்சித்தான் நாத்து விட்டோம், படிச்சப்போ கண்ணு கலங்கிட்டு.

கூலி விஷயம்தான் எனக்கு ரொம்ப முக்கியமா பட்டுது. நாத்து எத்தனை விட்டோம்னு கணக்கு பாத்து காசு கொடுக்க மாட்டாங்க, நட்டு பொழச்ச செடிக்குத்தான் காசு, செடிக்கு இத்தனை சென்ட்டுன்னு சின்னத் தொகை. முதல்ல படிச்சப்போ எனக்கு கோவமா வந்துச்சு, ஏன்னா பீடி சுத்துறவங்களுக்கு தெரியும், ஆயிரத்துக்கு இவ்வளவுன்னு கூலி, அதுல கழிவுன்னு தள்ளிட்டா கை வலிக்க சுத்துனது போச்சு. இதுவும் அப்படித்தானோன்னு நெனச்சேன். ஆனா அங்க செடிய தள்ளி வைக்க கடைக்காரன் கிடையாது, தோட்டத்துல அது நிக்கா இல்லயான்னு போயி பாக்குறதும் அதே ஊர் ஆளுதான், மரம் வளந்தா விறகும் நெழலும் தீவனமும் அந்தப் பொம்பளைக்கே. அதனால ஆளாளுக்கு தண்ணி தூக்கிட்டு போயி செடிய காப்பாத்துனாங்க. எங்க பக்கம் கொளத்துக்கரைல பனங்கொட்டை ஊன்றாங்க, எத்தனை ஆயிரம் ஊன்னோம்னு பேனர் வருது, அடுத்த வருஷம் எத்தனை முளைச்சி நிக்குன்னு யாரும் வந்து எண்ணுறது கிடையாது. பொழச்சதை எண்ணணும்னு அந்தம்மா 40 வருஷம் முன்னாடியே வச்சாங்க பாருங்க, அதான் படிச்சவங்க செய்யுற வேலை. நோபல் வாங்குறப்போ 3 கோடி மரம் ஆச்சு, இப்ப 5 கோடிக்கும் மேலன்னு இயக்கம் சொல்லுது, அத்தனையும் நூறு இருநூறுன்னு கிராமத்துக் கையி நட்டதுதான்.

*

கடையம்காரன்:

எல்லாரும் நல்லா எழுதுதீங்க, நானும் அவங்களை மதிக்கேன், ஆனா ஒரு அரசியல்வாதியா அவங்க ஜெயிச்சாங்களான்னு கேட்டா எனக்கு சந்தேகம்தான். 1997ல அதிபர் தேர்தல்ல நின்னாங்க, ஓட்டே விழல. 2007ல சொந்தத் தொகுதிலயே சொந்தக் கட்சில சீட்டு கெடைக்கல, சின்னக் கட்சில நின்னு தோத்தாங்க. நடுவுல மந்திரியும் இல்ல, துணை மந்திரிதான். அப்புறம் 2004ல எய்ட்ஸ் கிருமி ஆய்வுக்கூடத்துல உண்டாக்குனதுன்னு சொன்னாங்கன்னு பெரிய பிரச்சனை ஆச்சு, ஒரு விஞ்ஞானி அப்படி பேசலாமா? பேச்சுப்போட்டில ஜட்ஜ் யாராவது இதை கேட்டா பிள்ளை முழிக்கக் கூடாதுல்ல, அதுக்காகத்தான் கேக்கேன்.

*

அம்பை அண்ணாச்சி:

தம்பி நீ கேட்டது சரிதான், இதெல்லாம் மூடி வச்சி பேசுனா அது துதி ஆயிரும்.

எய்ட்ஸ் விஷயம், அது பத்திரிகைல வந்ததும் உண்மை, அவங்க 2004 டிசம்பர்ல தெளிவா அறிக்கை விட்டதும் உண்மை, வெள்ளைக்காரங்க ஆப்பிரிக்கர்களை அழிக்க அந்தக் கிருமிய உண்டாக்குனாங்கன்னு நான் சொல்லவும் இல்ல நம்பவும் இல்லன்னு. இதை ஜட்ஜ் கேட்டா ரெண்டையும் சேத்து சொல்லச் சொல்லுங்க.

தேர்தல் விஷயத்துல எனக்கு உன்கிட்ட கருத்து வேற. 1997ல தோத்தாங்க, ரொம்ப கேவலமான ஓட்டு, மறைக்க வேண்டாம். ஆனா 2002ல டெட்டு தொகுதில 98 சதவீதம் ஓட்டு வாங்கி ஜெயிச்சத நீ விட்டுட்ட. அந்தத் தேர்தல்ல எதிர்க்கட்சிங்க எல்லாம் ஒண்ணு சேந்து 24 வருஷ மோய் ஆட்சிய இறக்குனாங்க, முவாய் கிபாகி அதிபர் ஆனாரு, 2003 ஜனவரில இவங்க சுற்றுச்சூழல் துணை அமைச்சர். 1982ல எந்தப் பாராளுமன்றத்துக்கு மனுவே போட விடலையோ அதுக்குள்ள 20 வருஷம் கழிச்சி போனாங்க.

அதுவும் தவிர, பதவிக்கு வெளிய இருந்து அவங்க செஞ்ச அரசியலை எந்தக் கணக்குல வைப்ப? 1992 பிப்ரவரி கடைசில, அரசியல் கைதிகளோட அம்மாமாரு பிள்ளைகளை விடச் சொல்லி அதே உஹுரு பார்க்ல உண்ணாவிரதம் உக்காந்தாங்க, வங்காரியும் கூட உக்காந்தாங்க. மார்ச் 3 போலீசு கண்ணீர்ப்புகை போட்டு லத்தியால அடிச்சி, இவங்களுக்கு மயக்கம் போட்டு ஆஸ்பத்திரில கெடந்தாங்க. வயசான தாய்மாரு உடுப்பை அவுத்து போட்டு, எங்களை அடிக்கியா பாருன்னு போலீசு முன்னாடி நின்னாங்க, அந்த ஊர்ல தாய் அப்படி நிக்கது பெரிய சாபம். அப்புறம் ஆல் செயிண்ட்ஸ் கதீட்ரலுக்குள்ள போயி உக்காந்து, கிட்டத்தட்ட ஒரு வருஷம் அந்தப் போராட்டம் நடந்து, 1993ல கைதிகளை விட்டாங்க. ஓட்டு எண்ணி இதை அளக்க முடியாதுடே.

*

ராமையன்பட்டி வெட்:

அண்ணாச்சி சொன்னதோட கருராவையும் சேக்கணும், பிள்ளையோட மூணாவது கேள்விக்கு அதுதான் நேரான பதில். நைரோபி நகரத்தை ஒட்டி சுமார் 1000 ஹெக்டேர் காடு கருரா. 1998ல பாத்தா அதை துண்டு துண்டா ஆளுங்கட்சிக்கு வேண்டியவங்களுக்கு பிரிச்சிக் கொடுத்து பங்களா கட்ட ஆரம்பிச்சிட்டாங்க. இவங்க என்ன பண்ணாங்கன்னா நாத்தை தூக்கிட்டு அந்தக் காட்டுக்கே நடப் போனாங்க. 1999 ஜனவரி 8ல எதிர்க்கட்சி எம்பிக்கள், பத்திரிகைக்காரங்களோட போனப்போ காவலுக்கு நின்ன அடியாட்கள் கூட்டமா வந்து அடிச்சாங்க, இவங்களுக்கு தலைல வெட்டு. போலீஸ் ஸ்டேஷன்ல புகார் கொடுக்கப் போயி தலைல வழிஞ்ச ரத்தத்தாலயே கையெழுத்து போட்டாங்க. யூனிவர்சிட்டி மாணவர்கள் ரோட்டுக்கு வந்துட்டாங்க, வெளிநாடெல்லாம் கேள்வி கேட்டுச்சு, அந்த ஆகஸ்ட் 16ல பொது நிலத்தை பட்டா போட்டுக் கொடுக்கிறதை நிறுத்துதேன்னு மோயே அறிவிச்சாரு.

அந்த இடத்துல ஒரு செடி நட்டா இது பொது நிலம், இதை நாங்க விடமாட்டோம்னு அர்த்தம். அதைக் கூறு போட்டு வித்தவனுக்குத்தான் நஷ்டம். பிள்ளைக்கு இந்த மாதிரியே சொல்லுங்க டீச்சர், அவளுக்கு உடனே புரியும், தாமிரபரணி மணலும் நம்ம குளங்களும் எப்படி போச்சுன்னு பாத்து வளர்ற பிள்ளைதான.

*

பாளை டீச்சர்:

எல்லாருக்கும் ரொம்ப ரொம்ப நன்றி. அண்ணாச்சி எழுதுனதையும் செல்வி எழுதுனதையும் பிரிண்ட் போட்டு பிள்ளைகிட்ட கொடுத்தேன், கூலி பத்தின இடத்தை அவ அம்மாவுக்கு வாசிச்சு காட்டுனாளாம், அவங்களும் இந்தம்மா பேரை சொல்ல பழகிட்டாங்களாம்.

இன்னும் ரெண்டு மட்டும் கேக்கணும். பேரு "மாத்தாய்"ன்னுதான் சொல்லணுமா, சில இடத்துல "மதாய்"ன்னு போட்டிருக்கு. அப்புறம் கடைசி காலம் எப்படி, கருரா காடு இப்ப இருக்கா?

*

ராமையன்பட்டி வெட்:

மாத்தாய்னே சொல்லட்டும் டீச்சர். வீட்டுக்காரர் பேரு மதாய், விவாகரத்துக்கு அப்புறம் என் பேரை போடக் கூடாதுன்னு அவர் சொன்னதால இவங்க நடுவுல ஒரு எழுத்தை கூட்டி தன் பேரா வச்சிக்கிட்டாங்க.

2011 செப்டம்பர் 25ல கருப்பை பக்கத்து சினைப்பை புற்றுநோய்ல நைரோபில இறந்தாங்க, 71 வயசு. தனக்காக மரத்தை வெட்டி பெட்டி செய்யக் கூடாதுன்னு சொல்லி வச்சிருந்ததால மூங்கிலும் கோரையும் ஆகாயத்தாமரைத் தண்டும் வச்சி பெட்டி செஞ்சாங்க, அரசு மரியாதை கொடுத்து தகனம் பண்ணாங்க. இந்தியா 2006ம் வருஷத்து இந்திரா காந்தி அமைதிப் பரிசை அவங்களுக்கு கொடுத்திருக்கு, இதையும் ஒரு வரி சேக்கலாம், ஜட்ஜுங்க நிமிந்து பாப்பாங்க.

கருரா இருக்கு. சனங்க நடக்காங்க, சைக்கிள் விடுதாங்க, உள்ள அருவி கூட உண்டு.

நேரம் அஞ்சு நிமிஷம்தான்னா அமெரிக்கா படிப்பை ரெண்டு வரில முடிச்சிட்டு, உண்ணி, 1982, கூலி, கருரா இந்த நாலுக்கு நேரத்தை கொடுக்கச் சொல்லுங்க. தேதி எல்லாம் வேண்டாம், 1977, 1982, 1999, 2004 இந்த நாலு வருஷம் மட்டும் மனப்பாடமா இருந்தா போதும். போட்டி என்னைக்கு, எங்க நடக்குன்னு இங்க போடுங்க, லீவு போட முடிஞ்சா நான் வந்து கேக்கேன்.